கோயில் எண்ணெயில் ஓடிய மோட்டார்

கோயில் விளக்கைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கை தானாகக் குவியும். எனக்கு வயிற்றைப் புரட்டும். சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்த வாடைதான் ஆகாது. எண்ணெய் கருகி, திரி புகைந்து, திகட்டலாக மூக்கில் ஏறும் அந்த வாடையை ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயிலிருந்து முகர்ந்தவள் நான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் கடைக்குக் கடை கொடி தொங்கியது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்பு வரை படித்த மண்டை அடுப்படியில் கிடந்து பூசணம் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழக ஒரு பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரிய டாக்டர் காலையில் வந்து ஆளைப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குள் போய் நின்றால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. அந்த வேலை எனக்கு வேண்டும், வேண்டும் என்று இருந்தது. முந்தின நாளே வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. மாலையில் எங்கள் தெருக் கோயிலில் விளக்குகளைப் பார்த்துக்கொள்வார். துலக்குவது, திரி போடுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. எரிந்து மிஞ்சிய எண்ணெயைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, கால் படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். அதைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். கொல்லையில் மாமரத்தடியில் ஊற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் போத்தலைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கும். கறுத்த எண்ணெயில் திரி நூல் மிதக்கும், அடியில் ஈசல் செத்துக் கிடக்கும்.

அவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டூ ஸ்ட்ரோக். அந்த மாதிரி இன்ஜினுக்குப் பெட்ரோலை மட்டும் ஊற்றினால் போதாது, இன்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே ஓடுகிற இரும்புக்கு அந்த எண்ணெய்தான் வழுவழுப்பு. கலக்கும்போது என்னைக் கிட்டவே விடமாட்டார். ஆம்பிளைங்க வேலை என்பார்.

அன்று காலை நன்றாகத்தான் கிளம்பியது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். வீடுகள் குறைந்து ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் வண்டி இழுக்க முடியாமல் திணறியது. இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது. அவர் உதைத்தார், உதைத்தார், சட்டை நனையும் வரை உதைத்தார்.

அதிர்ஷ்டவசமாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு பட்டறை இருந்தது. தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு கோப்பிக்கடை. பட்டறைக்காரர் தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். தார் பூசின மாதிரி ஈரமாக, கறுப்பாக இருந்தது.

"எண்ணெய் எவ்ளோ தம்பி கலந்தீங்க?"

"சரியாத்தான் பாய் கலந்தேன்."

"என்ன எண்ணெய்?"

"எண்ணெய்தான் பாய்."

பாய் பிளக்கைத் துடைத்து, மணல் தாளால் தேய்த்து மாட்டினார். உதைத்ததும் கிளம்பியது. கொழுத்த வெள்ளைப் புகை என் முகத்தில் வந்து அடித்தது. உடனே மறுபடி நின்றது. கோப்பிக்கடைக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார். இப்படி ஓர் ஆள் எல்லாப் பட்டறையிலும் இருப்பார்.

"பின்னால பொம்பளைய ஏத்துனா இதுக்குத் தாங்காதுங்க. சின்ன இன்ஜின் லா."

என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு மூட்டையை எடை போடுவது மாதிரிச் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. ஆமாம் என்கிற மாதிரித் தலையை வேறு ஆட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பாய் அடுத்து கார்புரேட்டரைப் பிரித்தார். பெட்ரோல் போகும் ஊசித் துவாரத்தில் ஏதோ அடைத்திருந்தது. கம்பியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கருகிய பஞ்சு நூல்.

"இது எப்படிப் பெட்ரோலுக்குள்ள வந்துச்சு?"

என் வீட்டுக்காரர் அந்த நூலை வெடுக்கென்று எடுத்துச் சாக்கடையில் போட்டார். "பெட்ரோல் கடையில ஒரே குப்பை பாய்," என்றார்.

அந்த நூலை எனக்குத் தெரியும். அந்த வாடையும் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் கர்ப்பக்கிரகத்து வாசலில் நின்று முகர்ந்த அதே வாடை. மாமரத்துக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. எல்லாம் பெட்ரோல் டாங்கிக்குத்தான் போயிருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும், முதலிலிருந்தே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாங்கியைக் காலி செய்து நல்ல கலவை ஊற்றிவிடலாம். ஆனால் சொன்னால் கோயில் எண்ணெயை மோட்டாருக்கு ஊற்றியவர் என்று ஊர் சிரிக்கும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு, பாயை ஒவ்வொரு திருகாகக் கழற்ற வைத்துக்கொண்டிருந்தார். பாய் புகைக்குழாயில் கை வைக்கப் போனார். டாக்டர் இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்.

"பாய், அது இன்ஜின் எண்ணெய் இல்ல. கோயில் வெளக்குல எரிஞ்ச எண்ணெய்," என்றேன்.

பாய் டாங்கியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்து முகர்ந்தார். குச்சியிலிருந்து பிசுபிசுவென்று வடிந்தது. அதில் ஒரு ஈசல் இறக்கை ஒட்டியிருந்தது. 

"யா அல்லா. முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே அனுப்பிருப்பேனே தம்பி. இது உள்ள போயி பிசினா ஒட்டிக்கும். இன்ஜினே ரோசாக் ஆயிடும், கெட்டுப் போயிடும்."

"கால் படாத எடத்துலதானே பாய் ஊத்துனேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டாங்கியை வடித்து, குழாயைச் சுரண்டி, புதுக் கலவை ஊற்றினார் பாய். சுரண்டியது அரை டப்பா வந்தது, கரிச்சட்டியில் அடிப்பிடித்த களி மாதிரி. வண்டி கிளம்பியது. தோட்டத்து வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு கறுப்புக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தாதி என் சேலையில் தெறித்திருந்த கறையைப் பார்த்தாள். "ஆள் எடுத்தாச்சேம்மா," என்றாள்.

 திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேட்டார்.

"நாலு பேர் முன்னாடி புருஷன அசிங்கப்படுத்திட்டல்ல?"

நான் சேலைக் கறையைத் தேய்க்கக் கொல்லைக்குப் போனேன். அங்கேயே நின்றிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பெண்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருத்தி கிட்ட வந்து, "வண்டியில நீ ஏறுனதுல இன்ஜின் தாங்காம நின்னுருச்சாமே? வேலையும் போச்சாம்?" என்று கேட்டாள். கோப்பிக்கடைக்காரர் கண்டுபிடித்த கோளாறுதான் கோயில்வரை வந்து சேர்ந்திருந்தது. பிளக்கும் நூலும் ஈசலும் வழியிலேயே எங்கோ காணாமல் போய்விட்டன. என் வீட்டுக்காரர் தொங்கு விளக்கின் கீழே நின்று பயபக்தியோடு திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் கோயிலுக்குப் புது எண்ணெய் வாங்கி வந்தார். பெரிய தகர டின், வாய்வரை நிறைந்தது. நான் உட்கார்ந்து போன அதே பின் சீட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்த்து இறக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும் போல இருந்தது.

"இது மட்டும் வண்டிக்குக் கனக்கலையா?" என்று கேட்டேன்.

"சாமிக்குப் போறது எப்பிடிக் கனக்கும்?" என்றார்.

டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய். சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். அந்த வாடை போகவில்லை.