எர்லின் ஒன்பது மில்லிமீட்டர்

மதிய இடைவேளையில் என் எலுமிச்சம்பழ சாத டப்பாவுக்குப் பக்கத்தில் எர்ல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். உப்புக் குப்பியை நகர்த்தி வைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. கான்டீனில் எங்கள் மேசையைக் கடந்து போனவர்களில் ஒருவர்கூட அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் நின்றார். கெட்சப் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் டெக்ஸாஸுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி. எத்தனையோ விஷயங்களுக்குப் பழகியிருந்தேன். சாப்பிடும் மேசையில் தோட்டா என்பது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

ஒன்று, கழுத்து குறுகிய குட்டிக் குப்பி போல இருந்தது. மற்றது கழுத்தே இல்லாமல் நேராக. எர்ல் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். "இது ஏழு புள்ளி அறுபத்தஞ்சு, இது ஒன்பது. ரெண்டும் மில்லிமீட்டர். நாங்க இன்ச்சுக்காரங்க. மில்லிமீட்டர் உன் ஊரு சமாச்சாரம். எதை வாங்கலாம், சொல்லு சேத்." சேதுராமனில் அவருக்கு வாயில் நுழைந்தது அவ்வளவுதான்.

எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலை அது. நான் தரப் பரிசோதகன். எர்ல் பழுதுபார்ப்புப் பிரிவில் வெல்டர். ஐம்பத்தெட்டு வயதிலேயே ஓய்வு பெறப் போகிறார். வலது கட்டைவிரல் மூட்டு வீங்கி, வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது. அந்தக் கைக்கு இன்னும் சில வருஷங்கள்தான் பிடிமானம் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவருக்கு ஒரே ஓர் ஆசை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன் ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கி கொண்டுவந்திருந்தாராம். ஒரு பிற்பகல் பருத்திக்காட்டில் தம்பியின் கையில் கொடுத்து எட்டுக் குண்டுகளையும் சுடவிட்டார். பிறகு அண்ணன் எண்ணெய்க் கிணற்று விபத்தில் இறந்துபோக, துப்பாக்கியும் அண்ணியோடு எங்கோ போய்விட்டது. அதே மாதிரி பழைய துப்பாக்கி ஒன்றை வாங்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அல்ல, சுட.

அந்த மாடல் இரண்டு காலிபரில், அதாவது குழாயின் இரண்டு உள்ளளவுகளில், வந்திருக்கிறது. ராணுவத்துக்குப் போனவை பெரும்பாலும் ஒன்பது; அண்ணனுடையதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதற்குத் தோட்டா எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஏழு புள்ளி அறுபத்தைந்து அதற்கும் மூத்தது, சேகரிப்பவர்கள் விரும்புவது, கையைக் கொஞ்சம் மெதுவாக உதைக்கும். ஆனால் தோட்டாவுக்கு அலைய வேண்டும். மனசு ஒன்பது என்றது, கட்டைவிரல் மற்றதைச் சொன்னது. சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தைக்கு நான் கூட வர வேண்டும் என்றார். "வீட்டுல வெச்சு யோசி" என்று தோட்டாக்களை என் சட்டைப் பையில் போட்டார்.

எனக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும்? எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் ஒரே ஒரு வக்கீல் வீட்டில் இரட்டைக்குழல் இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், துப்பாக்கியைப் பார்த்ததில்லை. ஆனால் அளவு தெரியும். அம்பத்தூரில் பதினான்கு வருஷம் பரிசோதனை அறையில் இருந்தவன். அளவு தவறிய உருப்படியில் சிவப்புப் பெயின்டை ஒரு பொட்டு வைத்தால் முதலாளியே வந்தாலும் அழிக்க முடியாது. இங்கே வந்த பிறகு என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. படிவத்தை நிரப்புவேன், கொடுப்பேன், அவ்வளவே. எர்ல் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை, வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோமதிக்கு அது விளங்கவில்லை. "துப்பாக்கி சந்தைக்கா? மாட்டுச் சந்தைக்குப் போற மாதிரி சொல்றீங்க. அந்த ரெண்டையும் மொதல்ல என் கிச்சன்லேர்ந்து எடுங்க."

மாட்டுச் சந்தைதான் அது, ஒரு வகையில். ஊருக்கு வெளியே பெரிய தகரக் கொட்டகை. வரிசை வரிசையாக மேசைகள், அவற்றின் மேல் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சோளப்பொரி தின்றுகொண்டு மக்கள். நான் பயந்தது போல ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தொடுமுன் அனுமதி கேட்டார்கள், குழாயைத் தரையை நோக்கிப் பிடித்தார்கள், பார்த்ததை எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். அந்த ஒழுங்கை வாய்விட்டுப் புகழ்ந்தேன். எர்ல் சிரித்தார்: "எல்லார் கையிலயும் இருக்குதே. மரியாதை தானா வரும்."

ரூத் என்ற எழுபது வயது அம்மாளின் மேசையில் இரண்டும் இருந்தன. இறந்துபோன கணவரின் சேகரிப்பு. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாகத்திலும் பொறித்திருந்த எண் மற்ற பாகங்களோடு ஒத்துப்போவதை எங்களுக்குக் காட்டினார். எர்ல் ஒன்பதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

நான் கையோடு கொண்டுவந்திருந்த 'பின் கேஜ்' பெட்டியைத் திறந்தேன். துளையின் உள்ளளவு பார்க்க, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் செய்த எஃகு ஊசிகள். ரூத்திடம் கேட்டுக்கொண்டு ஊசிகளை ஒவ்வொன்றாகக் குழாய் வாயில் நுழைத்துப் பார்த்தேன். முதல் துப்பாக்கி ஏழு புள்ளி அறுபத்தைந்து, பிசகே இல்லை. இரண்டாவதில் ஒன்பது ஊசி நுழையவில்லை. எட்டு புள்ளி எண்பத்திரண்டுதான் நுழைந்தது. மூன்று முறை அளந்தேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"இது ஒன்பது இல்லை" என்றேன். "தேய்ந்த குழாய் பெரிதாகும், சிறிதாகாது. யாரோ குழாயை மாற்றியிருக்கிறார்கள்."

கூட்டத்தில் ஒருவர் மெதுவாக விசில் அடித்தார். ரூத்தின் முகம் சிவந்தது. "என் வீட்டுக்காரர் அப்படிச் சொன்னதில்லையே" என்றார், சண்டைக்கு அல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல. எர்ல் துப்பாக்கியை மெல்லத் துணியின் மேல் வைத்தார். வைத்த கை அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஏழு புள்ளி அறுபத்தைந்தை வாங்கிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க, "நீ வந்ததுக்கு நன்றி, சேத்" என்று மூன்று தடவை சொன்னார். நான் பெருமையாக வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு டயரி எழுத உட்கார்ந்தேன். அளவுகளை எழுதும்போது, அட்டவணை முழுமையாக இருக்கட்டுமே என்று எர்ல் கொடுத்த தோட்டாக்களின் முனையிலிருந்த குண்டுகளையும் வெர்னியரில் பிடித்தேன். ஒன்பதின் குண்டு ஒன்பது புள்ளி பூஜ்யம் இரண்டு. சரி. மற்றதன் குண்டு ஏழு புள்ளி எண்பத்தைந்து. எழுதிய பேனா நின்றது. பிசகே இல்லை என்று நான் பாஸ் செய்த குழாயைவிட அதன் குண்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர் பெரிது. நான் ரிஜெக்ட் செய்த குழாயிலும் அதே புள்ளி இரண்டு.

குழாய்க்குள் திருகுபோல ஓடும் மேடுகளையும் பள்ளங்களையும் நான் பார்த்தேன், அளக்கவில்லை. ஊசி மேட்டுக்கு மேடுதான் அளக்கும். குண்டு பள்ளத்தை நிறைத்துக்கொண்டு போகும். ஏழு புள்ளி அறுபத்தைந்து என்பது மேட்டின் அளவை வைத்து இட்ட பெயர். ஒன்பது என்பது பள்ளத்தின் அளவை வைத்து இட்ட பெயர். இரண்டு குழாயும் சரி. பதினான்கு வருஷப் பரிசோதகன்தான் தவறு.

யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். எர்லுக்குத் தெரியப் போவதில்லை. மேசையைச் சுற்றி வந்த என் மகள் என் முகத்தைப் பார்த்து, என்னவென்று கேட்டாள். பத்து வயது. சொன்னேன். முழுக்கத் தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: "அப்பா, யூ ஹாவ் டு டெல் ஹிம்." கோமதி உள்ளிருந்து, "சொல்லிட்டு வாங்க. இல்லன்னா ஒரு மாசம் இந்த மூஞ்சியத்தான் நாங்க பாக்கணும்" என்றாள்.

எர்ல் வீடு இரண்டு தெரு தள்ளி. கராஜில் நின்றபடியே கேட்டார். வாங்கிய துப்பாக்கி துணியில் சுற்றியபடி பக்கத்தில் இருந்தது. நான் முடித்ததும் தலையை ஆட்டினார். "எங்க முப்பத்தெட்டு காலிபர் துப்பாக்கியே அளந்தா முப்பத்தெட்டு கிடையாதுப்பா. பேருக்குத்தான். ஆனா மில்லிமீட்டர்காரங்க யோக்கியம்னு நெனச்சேன்."

"மன்னிக்கணும், எர்ல்."

"நாளைக்கும் சந்தை இருக்கு. அந்தம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு காலை கதவு திறந்தபோதே போனோம். ரூத்தின் மேசையில் அந்த ஒன்பது இல்லை. எர்ல் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். நேற்றுக் கூடியவர்களில் இருவர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன். நான் அளந்தது தவறு, உங்கள் கணவர் சொன்னது சரி, குழாய் அசல். ரூத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"நேத்து சாயங்காலம் ரெண்டு பேர் கேட்டாங்க. சந்தேகம் இருக்கற பொருளை எப்படி விக்கறது? செவ்வாய்க்கிழமை துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட காட்டலாம்னு எடுத்து வெச்சேன்." பிறகு சிரித்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? உக்காருங்க. காபி இருக்கு."

முன்பின் தெரியாத ஒரு பிரவுன் மனிதன் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கையில் வந்த இரண்டு விற்பனையை விட்ட அந்த அம்மாளை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் இன்னும் சுட்டுப் பார்க்காத ஏழு புள்ளி அறுபத்தைந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒன்பதைக் கொடுத்தார். ஒரு கைகுலுக்கல், முடிந்தது. கைகுலுக்குமுன் எர்ல் என் பக்கம் திரும்பினார். "கட்டைவிரல் இன்னும் வேண்டாங்குது. எது, சேத்?" மறுபடியும் என்னைத்தான் கேட்டார். "ஒன்பது" என்றேன். இந்த முறை எதையும் அளக்கவில்லை.

அடுத்த வாரம் சுடுதளத்தில் எட்டுக் குண்டுகளையும் அவரே சுட்டார். நடுநடுவே கையை உதறிக்கொண்டார். கடைசிக் குண்டுக்குப் பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தூரத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் ஒரு சிறு அட்டையை நீட்டினார். "அளவெல்லாம் எழுதிக் குடு. பெட்டிக்குள்ள வைக்கணும். எனக்கப்புறம் எவனாவது கேஜோட வந்து தப்புன்னு சொல்லக் கூடாதில்ல?" எழுதினேன். துப்பாக்கியின் எண். மேடு எட்டு புள்ளி எண்பத்திரண்டு, குழாய்க்குள் ஈயத் துண்டைத் தட்டிச் செலுத்தி எடுத்து அளந்த பள்ளம் ஒன்பது புள்ளி பூஜ்யம் இரண்டு, பக்கத்திலேயே இன்ச்சில். கீழே பரிசோதித்தவர் கையெழுத்து. இந்த நாட்டில் டிரைவிங் லைசென்ஸ் முதல் கிரீன் கார்டு வரை எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில்தான் கையெழுத்திட்டிருக்கிறேன். அன்று என் கை, அம்பத்தூர்ப் பதிவேட்டில் போடுவது போல, தமிழில் போட்டுவிட்டது.

எர்ல் அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "இதுல எந்தப் பக்கம் மேல?" காட்டினேன். தலையசைத்துவிட்டு, பச்சை வெல்வெட்டின் மேல், துப்பாக்கிக்கு அடியில் வைத்து மூடினார். அவருக்குப் பின் அந்தப் பெட்டி யார் வீட்டுக்குப் போகுமோ, எந்தத் தகரக் கொட்டகையில் எந்த மேசையில் திறக்குமோ, தெரியாது. திறப்பவர் எண்களைப் படித்துவிடுவார். அவற்றுக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் அந்த ஒற்றை வரியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்?