தொரை சொன்ன வெரி குட்

இன்று மதியம் கார்மெண்ட் ஃபேக்டரியில் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்ற மேனேஜர், நான் தைத்த காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு "வெரி குட்" என்றார். அவர் நகர்ந்ததும் மெஷினின் வேகத்தைக் குறைத்தேன்.

லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்த காலம். ஸ்கூல் விட்டதும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஓடுவேன். ஈரச் சாக்கு வாசமும் பச்சைக் கொழுந்து வாசமும் மூக்கில் ஏறும். ஒருநாள் அம்மாவின் கொழுந்தைத் தராசில் மாட்டியதும் தோட்டத்தை நடத்தும் தொரை முள்ளைப் பார்த்து, "வெரி குட்!" என்றார். நான் எங்கள் லயத்து வரிசை வீடுகள் நெடுகக் கத்திக்கொண்டே ஓடினேன்.

"எங்கம்மாவ தொரை வெரி குட்னு சொல்லிட்டாரு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த காம்பராவில் குடியிருந்த சித்தி வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, கொஞ்சம் மெதுவா பறிச்சிருக்கக் கூடாதா?"

அம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சொன்னார், இனிமேல் அம்மா பறித்த அளவை எல்லாரும் பறித்தால்தான் முழுநாள் சம்பளமாம். அத்தனை பெண்களும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று வேலை விட்டதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மேனேஜர் எனக்கு வெரி குட் சொன்னாரும்மா."

அம்மா கேட்டாள்:

"அளவ எத்தன கூட்டிட்டாங்க?"