நாற்பது வினாடிக்காரன்

தனுவச்சபுரத்தில் வெறும் அனீஷ் என்றால் யாருக்கும் தெரியாது, ஜேசிபி அனீஷ் என்று சொல்ல வேண்டும். பெருங்கடவிளை வரைக்கும் அவன் மண் தோண்டாத தோட்டம் குறைவு. முப்பத்தைந்து வயதில் தசை கரையும் நோய் வந்தது. காலைப் பிடுங்கியது, தோளைப் பிடுங்கியது. மிஞ்சியது வலது பெருவிரலும் வாய்க்கொழுப்பும்தான்.

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அக்கா எப்சி ஒரு வீடியோ கேம் பெட்டி அனுப்பினாள். அந்த நாட்டுக் கால்பந்து. பெயர்தான் அப்படி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்கள். அக்கா கணவர் ஜஸ்டஸ் தன் நண்பர்களின் இணையக் குழுவில் அவனைச் சேர்த்துவிட்டார். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இங்கே ஞாயிறு காலை.

ஒவ்வொரு தடவையும் பந்தை எடுக்க நாற்பது வினாடி தருவார்கள். அதற்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் ஐந்து கெஜம் பின்னால் போக வேண்டும். மற்றவர்கள் சட்டென்று அழுத்துவார்கள். அனீஷின் விரல் நகரவே பாதி நேரம் போய்விடும். அவன் அதையே வித்தையாக்கிக்கொண்டான். அந்த நாற்பதோடு ஆட்ட நேரமும் சேர்ந்து கரையும் அல்லவா? முன்னிலை கிடைத்ததும், கடிகாரம் நின்றுவிடாதபடி எல்லைக்கோட்டைத் தாண்டாமல் நடுவிலேயே ஓடி, ஒவ்வொரு தடவையும் கடைசி வினாடியில் அழுத்துவான். எதிராளி பந்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

குழுவில் கெவின் என்பவன் ஆடும்போதே மைக்கில் அவனைக் கள்ளன், கோழை என்று கிழித்துத் தொங்கவிடுவான். அனீஷுக்கு அது பாயசம் குடித்த மாதிரி. வருகிறவர்களெல்லாம் பாவம் என்று உச்சுக்கொட்டிப் போகும் வீட்டில், அவனைத் திட்ட ஒருவனாவது இருந்தான். நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று ஜஸ்டஸிடம் சத்தியமே வாங்கியிருந்தான்.

ஒருநாள் கெவின் எல்லாரையும் கூட்டி, நாற்பதைப் பதினைந்தாகக் குறைத்துவிட்டான்.

"எலே, நான் உள்ளத சொல்லட்டா? பழையபடி ஆக்குவாவ" என்று ஜஸ்டஸ் போனில் கேட்டார்.

"வேண்டாம் அத்தான். நான் அழுத்துவேன்."

அடுத்த ஞாயிறு மனைவி மினி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து விரலை இளக்கிவிட்டாள். அனீஷ்தான் முன்னிலையில் இருந்தான். இன்னும் ஒரே ஒரு தடவை பந்தை எடுத்தால் போதும், ஜெயம். விரல் அசையவில்லை. தண்டனை. மறுபடியும் அசையவில்லை. இது என்ன புதுக் கள்ளத்தனம் என்று கெவின் கத்தினான். மினியின் கை தானாக நீண்டது.

"தொடாத!" என்றான் அனீஷ்.

மூன்றாம் தண்டனையும் விழுந்தபோது ஜஸ்டஸால் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு கெவின் மன்னிப்புக் கேட்டான். பழக்கமில்லாத அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் அனீஷ் மினியிடம் சத்தத்தை அணைக்கச் சொன்னான்.

மறுவாரம் கடிகாரம் நாற்பதுக்கே திரும்பியிருந்தது. அனீஷ் பந்தை எடுத்து ஓடினான். திரையில் கெவினின் ஆள் எதிரிலேயே நின்றும் கை நீட்டவில்லை. அடுத்தவன் ஒதுங்கி வழிவிட்டான். அனீஷ் கடைசிக் கோட்டைத் தாண்டியதும் கெவின் கைதட்டிப் பாராட்டினான்.

"அவன் விட்டுத் தாறான் மினி."

"நல்ல மனசுள்ளவன் ஆக்கும்."

"நல்லவன்தான்" என்றான் அனீஷ். "அந்தப் பெட்டிக்க பிளக்க ஊரி வை. அவனுக்க கணக்குலயும் நான் செத்தாச்சு."