மிதவையை விட்டுப் போன போட்

தண்ணீரில் இறக்கியது மூன்று பேரை. திரும்பி வந்தபோது மிதவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்தான் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே இருபத்திரண்டு வருடமாக ஃபைபர் போட் ஓட்டுகிறேன். மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிக்கும் சென்னைக் குழுக்களையும் இப்போது ஏற்றுகிறேன். புது இடம் தேடும்போது அவர்கள் நங்கூரம் போடுவதில்லை. ஒரு மிதவை, அதில் நீளக் கயிறு. அதைப் பிடித்தபடி நீவாட்டோடு, அதாவது கடலின் ஓட்டத்தோடு, மிதந்து போவார்கள். ஒருவர் மூழ்கி அடியில் பாறை இருக்கிறதா என்று பார்ப்பார். மற்றவர்கள் மேலிருந்து அவரைக் கவனிப்பார்கள். போட் நியூட்ரலில் பின்னாலேயே போக வேண்டும். என் வேலை அதுதான்.

அன்று இரண்டாவது டிரிஃப்ட்டில், அதாவது இரண்டாம் முறை மிதந்து போகையில், மற்ற மூவரும் இறங்க, குழுத் தலைவன் பிரவீன் இறங்கவில்லை. போட்டில் உட்கார்ந்து அடியின் ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று துள்ளினான்.

"அண்ணா, பாறை! தெற்கால ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு நிமிஷம், ஜிபிஎஸ்ல பாயின்ட் போட்டுட்டு வந்துடலாம்."

"தண்ணில ஆளு கீது தம்பி. போட்டு நகராது."

"எல்லாம் டிரெய்னிங் எடுத்தவங்கணா. டீம் லீடர் நான் சொல்றேன், போங்க."

போனேன். இரண்டு நிமிடம் கால் மணி நேரமானது.

திரும்பி வந்தால், இறங்கிய மூவரில் நிவேதா என்ற பெண் இல்லை. மிதவையில் இருந்தவர்களிடம் கேட்டேன்.

"போட்ல இல்லையா? மீன் பின்னால போய்க் கயித்த விட்டுட்டா. நீங்க ஏத்திக்கிட்டீங்கன்னு நினைச்சோம்."

இருவரையும் ஏற்றினேன். "ஃபுல் ஸ்பீடுல சுத்துங்கணா!" என்று பிரவீன் கத்தினான்.

"வாய மூட்றா!" என்றேன்.

காற்று தள்ளாதபடி ஒரு காலி கேனில் முக்கால்வாசி கடல் தண்ணீரை நிரப்பி, மூடி, மிதக்க விட்டேன். ஆளை இழுக்கும் நீவாடு அதையும் இழுக்கும். கேன் வடகிழக்கே போனது. அதன் திசையிலேயே மெதுவாக ஓட்டினேன். காட்டுப்பள்ளித் துறைமுகக் கிரேன்கள் பின்னால் சிறுத்துக்கொண்டே போயின. 

முக்கால் மணி நேரம் கழித்து, யாரோ விட்டிருந்த வலையின் மிதக்கும் கொடிக்கம்பைக் கட்டிப்பிடித்தபடி நிவேதா கிடைத்தாள். மூழ்குவதற்காகக் கட்டும் இடுப்பு ஈயத்தைக் கழற்றி எறிந்திருந்தாள், துப்பாக்கியும் இல்லை. மேலே தூக்கியதும் என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க போறதப் பாத்தேன்ணா. கத்தினேன். நீங்க திரும்பவே இல்ல."

போட்டைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

கரை நெருங்கும்போது பிரவீன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "கரையில சொல்லாதீங்கணா. செம ஸ்பாட். அடுத்த வாரமும் உங்க போட்தான்."

"இன்னா ஸ்பாட்டு? அந்தப் பொண்ணு செத்திருந்தா அங்கயும் ஒரு பாயின்ட் போட்டிருப்பியா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கரையில் இறங்கியதும், அவனை வைத்துக்கொண்டே, அங்கிருந்த எல்லா போட்காரர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அவன் குழுவை அதன்பின் எங்கள் கரையில் யாரும் ஏற்றவில்லை.

புதிதாக போட் ஓட்ட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் தண்ணீரில் இருக்கும்போது, போட்டில் உட்கார்ந்திருப்பவன் சொல்வது உத்தரவு இல்லை. பிரவீன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அவன் வாயால்தான் சொன்னான். போட்டைத் திருப்பியது என் கை.