இரண்டாம் கியர் இல்லாத இறக்கம்

“ஏறின கியர்லயே எறங்கு” என்பாரா, “ஏறின கியருக்கு ஒன்னு கொறச்சிக்கிட்டு எறங்கு” என்பாரா, இப்போது சரியாக ஞாபகமில்லை. நாவலப்பிட்டியில் லொறி ஓட்டிய என் சித்தப்பா, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாரிடமும் சொல்கிற பேச்சு அது. எப்படிச் சொன்னாரோ, வண்டிக்குக் கியர் என்று ஒன்று இருந்த காலத்துப் பேச்சு.

வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற தொழிலில் மழையையும் நாயையும் சமாளித்துவிடலாம், ஒஃபிசில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. டுபாயில் வேன் ஓட்டிவிட்டுக் கண்டிக்குத் திரும்பி இந்தக் கம்பனியில் சேர்ந்தபோது, என் சொந்த கியர் பைக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள் எல்லாருக்கும் கியரே இல்லாத ஒட்டோ ஸ்கூட்டர் வந்து இறங்கியது. கால் வைக்கிற பலகையில் இன்னொரு பெட்டி ஏற்றலாமாம். இனிமேல் சொந்த பைக்கில் வரக்கூடாதாம். ஓட்டப்போகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. கியரில் ஊறிய கையையும் காலையும் வைத்துக்கொண்டு என்னைப்போல் அவதிப்படுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

இடது கை

கியர் பைக்கில் இடது கைப் பிடி கிளச். ஸ்கூட்டரில் அதே இடத்தில் இருப்பது பின் பிரேக். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியாது. முதல் நாள் காலையில் பேராதனை வீதியில் முன்னால் போன த்ரீவீலர் மெதுவானது. கியரைக் குறைக்கிற நினைப்பில் இடது கையை முழுசாக இறுக்கினேன். ஸ்கூட்டர் நடுரோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்த நாவலப்பிட்டி பஸ் என்னை முட்டாமல் நின்றது அந்த டிரைவரின் கெட்டித்தனம்.

அடுத்த சந்தியிலும் அதையே செய்தேன். அதே பஸ், அதே கிரீச். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கத்தினார்: “அண்ணே, நீங்க எந்தெந்த எடத்துல நிப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா, நாங்களும் அங்கேயே ஆள் ஏத்திக்குவோம்!”

இடது கால்

கால் அதைவிட மோசம். மேட்டைக் கண்டால் இடது கால் தானாகக் கீழே அழுத்துகிறது. அழுத்துவதற்கு அங்கே லீவர் இல்லை, கம்பனி ஏற்றச் சொன்ன பெட்டிதான் இருக்கிறது. கெலிஓயாவில் அடிக்கடி சாமான் வரவழைக்கிற ஒரு டீச்சர் இருக்கிறார். அவர் வீடு நல்ல மேட்டில். அன்றைக்கு அவருடைய பெட்டியைக் கீழே வைத்துப் பார்த்தால், இடப்பக்க மூலை அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. நல்ல காலம், உள்ளே இருந்தது துணி.

டீச்சர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு என் கால்மேல் கோபம். அப்புறம்தான் யோசித்தேன், அது பாவம், இத்தனை வருஷம் செய்த வேலையைத்தானே செய்கிறது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: “போன தடவையும் இதே மூலைதான் நசுங்கியிருந்திச்சு. மிதிக்கிறதுக்குன்னே ஒருத்தர வச்சிருக்காங்களா உங்க கம்பனியில?”

ஸ்டாண்டில்

கட்டுகஸ்தோட்டையில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் மரக்கறிப் பையோடு பெண்கள் ஸ்கூட்டரில் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள். ஒருவருக்கும் நான் படுகிற பாடு இல்லை. இதைப் பார்த்தும் எங்கள் சந்தி த்ரீவீலர் ஸ்டாண்டுக்காரர்களுக்குப் புத்தி வரவில்லை. ஆம்பளை ஸ்கூட்டரில் வந்தால் அவர்களுக்கு அது நாள்பூராவுக்குமான சிரிப்பு. என் மனைவிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அது தெரிந்தும் தினமும் ஒருவன் கேட்கிறான்: “அண்ணி வண்டியத் திருப்பிக் கேக்கலையா இன்னும்?”

இறக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இனிச் சொல்வது அப்படியில்லை.

மலைப்பக்கம் பைக் ஓட்டுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது இன்னும் ஊறிப்போனது. நீண்ட இறக்கம் வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டாம் கியரில் விட்டுவிடுவோம். என்ஜின் ஓடாவிட்டாலும் கியர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டி தவழ்ந்து தவழ்ந்து இறங்கும். பெட்ரோலும் மிச்சம். இதை எங்கேயோ கேள்விப்பட்ட மனேஜர், ஸ்கூட்டருக்கும் சட்டமாகப் போட்டுவிட்டார்: இறக்கத்தில் எல்லாரும் என்ஜினை நிறுத்த வேண்டும்.

ஹந்தானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நானும் சாவியைத் திருப்பினேன். அந்த நிமிஷம் புரிந்தது. ஸ்கூட்டரில் என்ஜின் நின்றால் அதற்கும் சக்கரத்துக்கும் உறவே கிடையாது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, பிரேக்கைத் தவிர. இரண்டையும் இறுக்கிக்கொண்டே வளைவு வளைவாக இறங்கினேன். பாதி வழியில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் இரண்டு பிடியும் ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டன, வேகம் மட்டும் குறையவில்லை. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் தேயிலை. இடப்பக்கம் திருப்பினேன்.

மல்லாக்கக் கிடந்த என்னைக் கொழுந்துக் கூடையோடு ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். “உசுரு இருக்கா அண்ணே? இருந்தா செடிய விட்டு எந்திரிங்க. கங்காணி வந்தா என்னையத்தான் கேப்பாரு.”

நிசார் நானா

உடம்பெல்லாம் சிராய்ப்போடு போய் மனேஜரிடம் சொன்னேன். இந்தச் சட்டத்தை எடுங்கள், ஆள் சாகும் என்றேன். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சிரித்தார். ஸ்கூட்டர் பழக எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுக்குமாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அடுத்த வாரம் அதே இறக்கத்தில் நிசார் நானா விழுந்தார். திகன ஊர்க்காரர், எங்களில் மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி எங்கள் எல்லாருக்கும் ‘நானா’, ஒரு நாளும் அவசரப்படாத மனுஷன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு என்ஜினை நிறுத்தியிருக்கிறார். மதகுச் சுவரில் மோதித் தோள் எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் போவதற்கு முன்பே மனேஜர் வந்துபோயிருந்தார். “நானா, நீங்க வேகமாப் போனதாத்தான் எல்லாரும் பேசிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேகமாகப் போய் விழுந்தவனைக் கம்பனி திரும்ப எடுக்காது. அது நானாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்: “தம்பி, நான் பிரேக் புடிச்ச. அதுதான் புடிக்கல்ல. யாரும் கேட்டா நீங்க சொல்லுங்க.”

காலைக் கூட்டம்

பள்ளிக்கூடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் படித்ததால் எனக்கு ஒரு உபரி வேலை உண்டு. காலைக் கூட்டத்தில் மனேஜர் சிங்களத்தில் பேசுவதைத் தமிழ்ப் பையன்களுக்கு நான் சொல்ல வேண்டும். சிங்களப் பையன்கள் ஒரு பக்கம், தமிழ்ப் பையன்கள் ஒரு பக்கம், நடுவில் நான்.

மறுநாள் மனேஜர் பேசினார். நிசார் வேகமாகப் போனதால் விழுந்தார், சட்டத்தில் குறை இல்லை, இறக்கத்தில் என்ஜினை நிறுத்துவது இன்றைக்கும் அப்படியே என்றார். சிங்களப் பையன்களில் என் பக்கத்தில் நின்ற சுனில் குனிந்து, சிங்களத்தில் முணுமுணுத்தான்: “அண்ணே, நேத்து என் வண்டியிலயும் கருகல் வாடை வந்திச்சு.” மனேஜர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்: “இப்ப இத அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க.”

நான் தமிழ்ப் பக்கம் திரும்பி, நிசார் நானா வேகமாகப் போகவில்லை, பிரேக்தான் போனது, எனக்கும் போனது, மலைப்பக்கம் இனி நான் ஸ்கூட்டரில் போகமாட்டேன் என்று சொன்னேன். பிறகு மனேஜர் பக்கம் திரும்பி, அதையே சிங்களத்தில் சொன்னேன்.