கொழும்பில் விற்ற கடை

காலை ஒன்பதரைக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி ஏறினேன். பத்தமடைக்கு இருபது ரூபாய்க்குள் சீட்டு, தூரமும் கிலோமீட்டரில் அவ்வளவுதான். நண்பர் காசிமின் மனைவி மைமூன் இறந்த துக்கம் விசாரிக்கப் போகிறேன். தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். கொழும்பில் அவர்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கி, அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். காசிமின் ஜவுளிக்கடை அப்போது அமோகமாக நடந்தது.

முன்னீர்பள்ளம் தாண்டியதும் வயல்கள். நடுநடுவே வயலை நிரவிக் கட்டிய மாடி வீடுகள். பக்கத்தில் இருந்தவர் கைகாட்டிக்கொண்டே வந்தார். "இது துபாய். அது குவைத். அந்தா தெரியுதுல்லா, அது சவுதி." ஒரு வீட்டுக்கும் ஆள் பெயர் சொல்லவில்லை.

காசிம் தன் தம்பி ஜமாலின் வீட்டில் இருந்தார். ஜமால் துபாயில் லாரி ஓட்டுகிறான். அவனை விசா எடுத்து அனுப்பியது கொழும்புக் கடை வருமானம்தான்.

"அவளுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு, அண்ணாச்சி" என்றார் காசிம். "அங்கன மருந்து இறக்குமதி பண்ண நாட்டுல டாலர் இல்ல. அவ தங்கச்சி ஒரு கிட்னி தாரேன்னா. இங்க கொண்டாந்து மாத்திருவோம்னு கடைய வித்தேன். பேசி முடிச்சு காசு கைக்கு வரதுக்குள்ள இலங்கை ரூவா பாதியா எறங்கிட்டு. வாங்குனவன் ஏமாத்தல. பேசுன தொகைய ஒத்த ரூவா கொறைக்காமத்தான் குடுத்தான்."

ஜமால் அனுப்பியதையும் சேர்த்து, சில மாதம் ரத்தம் சுத்திகரிக்கத்தான் பணம் கண்டது. ஆபரேஷனுக்கு எட்டவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜமால் துபாயிலிருந்து போனில் கூப்பிட்டான்; அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பான், குரல் எனக்கும் கேட்டது. "காக்கா, நம்மூரு ரூவா இன்னும் எறங்கும்னு சொல்லுதாங்க. ஒரு வாரம் பொறுத்து அனுப்புனா, மாடிக்குக் கம்பி கூடக் கொஞ்சம் வாங்கலாம்லா?" அவன் சம்பளம் வாங்கும் துபாய்க் காசான திர்ஹத்தின் மதிப்பு டாலரோடு கட்டியது. நம் ரூபாய் சரியச் சரிய அவன் சம்பளம் இங்கே கூடும்.

"ஒன் இஷ்டம்போல செய், லே" என்று அண்ணன் போனை வைத்தார்.

"அவன்மேல தப்பில்ல, அண்ணாச்சி. பிள்ளைக்கு வீடு கட்டுதான். ஆனா காசு எறங்குதுன்னு யார் சொன்னாலும், ஆஸ்பத்திரில அவ எம்மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்ததுதான் நெனப்புல வருது."

மதியம் திரும்பும் வண்டியில் கூட்டம். என் ஓய்வூதியச் சேமிப்பு முழுவதும் வங்கியில் ரூபாயாகக் கிடக்கிறது. பத்திரமாக இருக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

பக்கத்தில் அமர்ந்த பெரியவர், எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். துக்க வீட்டுக்கு என்றேன்.

"என்ன சீக்கு?"

"கிட்னி" என்றேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் மற்றதை எந்த நோயின் பெயரால் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.