அண்ணி கட்டிய டிரான்ஸ்பார்மர்

அண்ணியிடம் யோசனை கேட்டால் திட்டும் சேர்ந்தே வரும். அது தெரிந்தேதான் கொழுந்தன், தான் செய்த சர்க்யூட் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குப் போனான். கருகிப்போன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிற கடை அது.

அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை. மூன்று ஃபேஸிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் பேனலைத் திறந்து மீட்டர் முனையை வைக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம். அதனால் மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினிச் சில்லு ஒன்றை வாங்கி, அந்தப் பலகையில் பொருத்தி, அளவு லேப்டாப்பிலேயே தெரிகிற மாதிரி செய்திருந்தான்.

அண்ணி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெறும் ரெசிஸ்டர் வச்சா வோல்ட்டக் குறைச்சிருக்க? லைனுக்கும் பலகைக்கும் நடுவுல தடுப்பு எங்கடா?"

"கணக்குப் போட்டுத்தான் வச்சேன் அண்ணி. மூணு வோல்ட்டுக்கு மேல வராது."

"எல்லாம் ஒழுங்கா இருந்தா வராது. நியூட்ரல நேரா பலகையில முடிஞ்சு வச்சிருக்கியே, அது பேனல்ல கழண்டா லைன் கரண்ட் உன் லேப்டாப் வரைக்கும் ஏறிடும், தொட்டா அவ்வளவுதான். மூளைய அடகு வச்சிட்டியா?"

ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று குட்டி டிரான்ஸ்பார்மர்களை அவளே கட்டிக் கொடுத்தாள். லைன் கம்பி ஒரு சுற்றோடு நின்றுவிடும். பலகைக்குப் போவது வேறு சுற்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. கைக்கு அடக்கமாக இருந்த சாமான் செங்கல் கனத்துக்கு வந்துவிட்டதே என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் மாட்டினான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை மடியில் வைத்து, அதன் உலோக ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு ஃபேஸின் வோல்ட் சரசரவென்று ஏறியது, இன்னொன்றில் இறங்கியது. என்ன ஏது என்று புரிவதற்குள் கருகல் வாடை. ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

பேனலைத் திறந்து பார்த்தால், நியூட்ரல் கம்பி போல்ட்டிலிருந்து கழன்று தொங்கியது. பலகையில் அவன் முதலில் முடிந்து வைத்திருந்த அதே கம்பி. அந்தப் பழைய இணைப்பே இருந்திருந்தால் லைன் கரண்ட் லேப்டாப் வழியாக அவன் கைக்கே வந்திருக்கும்; இப்போது கருகியது ஒரு டிரான்ஸ்பார்மர் மட்டும்.

சாயங்காலம் கருகிய டிரான்ஸ்பார்மரை அண்ணியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னான். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கையக் காட்டு."

இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தான், வரவில்லை.

"நீங்க இல்லன்னா இந்தக் கை இல்ல அண்ணி" என்றான்.

"கை மட்டுமாடா?" என்றாள் அவள், பிடியை விடாமல்.